தூதுவன், ஐந்து மதிப்பெண்

மதகைத் திறக்கச் சொல்கிறான் அரசன்,
எதிரிப்படை ஆற்றைக் கடக்கிறதென்று நினைத்து.
கடப்பது மகன்.
மூன்றாம் அங்கம், பக்கம் நாற்பத்தொன்று,
கட்டாயம் வரும் என்று பிலோமினா டீச்சர்
சிவப்பில் கோடு போடச் சொன்ன இடம்.

நவல்பூரில் கரண்ட் இல்லை.
நைனாவின் மொபெட் சாவியில் தொங்கும்
சின்ன டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு படிக்கிறேன்.
ஆறு இரு கரையும் தொட்டு ஓடியதாம்.
அதை நம்பத்தான் எனக்கு நேரமாயிற்று.
எங்கள் பாலாற்றில் மூழ்க வேண்டுமென்றால்
தண்ணீரையும் கூடவே எடுத்துப் போகவேண்டும்.

மகன் மேடையில் சாவதில்லை.
அந்தக் காலத்து நாடகங்களில்
மேடையில் யாருமே சாவதில்லையாம்.
சாவு வெளியே எங்கோ நடக்கும்,
ஈரக்காலோடு ஒருவன் ஓடிவந்து சொல்வான்.
அவனுக்குப் பெயர் கிடையாது.
பாத்திரங்களின் பட்டியலில்
வாயிற்காவலர் இருவருக்கும் கீழே அவன்.
"இவனுக்கு யாரு டீச்சர் சம்பளம் குடுக்கறது?"
நஸ்ரீன் கேட்டாள்.
வகுப்பு சிரித்தது.
நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி.

போன ஆடியில்
சிப்காட் தோல் ஷெட்டின் பின்பக்கத் தொட்டியில்
ஒருவர் இறங்கினார்.
அவரைத் தூக்க இன்னொருவர்.
இருவரையும் தூக்க எத்திராஜு,
மீசை சரியாக முளைக்காத பையன்.
கேட்டில் வருகை நோட்டு எழுதும் நைனாவைக் கூப்பிட்டு
மேனேஜர் சொன்னார்:
"ஏகாம்பரம், உனக்குத்தான் எல்லார் வீடும் தெரியும்.
போய்ச் சொல்லிட்டு வா."
பெட்ரோலுக்கு நூறு ரூபாய்.

மாந்தாங்கல். புளியங்கண்ணு. காரை.
முதல் வீட்டில்
நைனா தண்ணீர் கேட்டிருக்கிறார்.
"இன்னாண்ணா இந்நேரத்துல?"
சிரித்துக்கொண்டே சொம்பை நீட்டியிருக்கிறாள்.
"நான் குடிச்சி முடிக்கிற வரிக்கும்
அவ புருஷன் உசுரோடதான் இருந்தான்.
மெதுவாக் குடிச்சேன்."
இதை நைனா ஒரே ஒரு தடவைதான் சொன்னார்,
அதுவும் அம்மாவிடம்,
நான் தூங்கிவிட்டதாக நினைத்து.

நாடகத்துத் தூதுவன்
நாற்பத்திரண்டு வரி பேசுகிறான்.
அலை எந்தத் திசையில் புரண்டது,
குதிரை எப்படிக் கழுத்தைத் திருப்பியது,
மகனின் கை கடைசியாக எந்த நாணலைப் பற்றியது,
எல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.
நைனா மூன்று வீட்டிலும் சொன்னது ஒரே வரி:
"வாலாஜா ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயிருக்காங்க,
கெளம்புங்க."
அதில் ஆஸ்பத்திரி மட்டும் நிஜம்.

நோட்ஸில் இருப்பது இவ்வளவுதான்:
தூதுவன் ஒரு சிறு பாத்திரம்.
கதையை நகர்த்த உதவுகிறான்.

வினா முப்பத்தேழு.
அரசனின் வீழ்ச்சிக்குக் காரணம் விதியா, குணமா?
அல்லது
தூதுவன் பாத்திரத்தின் பங்கினை விளக்குக.
ஹால் முழுக்க அரசனை எழுதியது.
எனக்கு முன்பெஞ்சு விதி, பக்கத்து பெஞ்சு குணம்.
மதகின் சக்கரத்தைத் திருகியவன் எவனென்று
இரண்டு கேள்வியிலும் இல்லை.

நான் எழுதினேன்:
ஓடிவருமுன் அவன் கரையிலேயே
சற்று நேரம் நின்றிருப்பான்.
அரண்மனைப் படிகளை எண்ணியிருப்பான்.
அவனுக்குத் தாகம் எடுத்திருக்கும்.
பாதிப் பக்கம் போனதும் பயம் வந்தது,
புத்தகத்தில் இல்லாததற்கு மார்க் கிடையாது.
ஸ்கேல் வைத்து எல்லாவற்றையும் அடித்தேன்.
நோட்ஸில் இருப்பதையே எழுதினேன்,
நகர்த்த உதவுகிறான், உதவுகிறான் என்று.
ஒரு வரியை மட்டும் அடிக்கவில்லை:
அவன் மெதுவாக வந்தான்.
நாடகக் குறிப்பில்
'மூச்சிரைக்க ஓடிவருகிறான்' என்றுதான் இருக்கிறது.

வெளியே பள்ளிக்கூடச் சுவரோரம்
மொபெட்டைச் சாய்த்து நின்றிருந்தார் நைனா.
"இன்னா கேட்டாங்கோ?"
என் பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் மீதமிருந்தது.
மூடியைத் திறந்தேன், மறுபடி மூடினேன்.
"ராஜாவப் பத்தி."
"எழுதிட்டியா?"
"ம்."
வண்டி ரிசர்வில் இருந்தது.
முத்துக்கடை பங்க் வரைக்கும்
இரண்டு பேரும் தள்ளிக்கொண்டே போனோம்.