கவைக்கம்பு

ஒப்புதலை வீடியோ எடுக்க வேண்டும் என்பது விதி.
சாத்தையா கேமராவைப் பார்க்கவில்லை,
பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
கானாடுகாத்தானில் எழுபது ஜன்னல் வீட்டுக்கு
ஒற்றைக் காவல்.
முதலாளி ஈப்போவில்.
இரண்டாம் கட்டின் சாவியும் ஈப்போவில்.

"புரிஞ்சதை உங்க வார்த்தையில சொல்லுங்க."

பதினெட்டுப் பக்கம் வாசித்துக் காட்டியிருந்தேன்.
மோனோகுளோனல் ஆன்டிபாடி:
ஒரே அச்சில் வார்த்த கோடானுகோடி,
டெங்கு வைரஸில் ஒரே ஓர் இடத்தைப் பிடிப்பது.
அரைகுறையாகப் பிடித்தால்
நோய் முன்னைவிட முற்றலாம் என்பதையும்,
ஏழாம் பக்கம், மூன்றாம் பத்தி,
குரல் இறக்காமல் வாசித்தேன்.

யோசித்தார். கை தன்னால் எழுந்து
இரண்டு விரலை விரித்தது.
"கவைக்கம்புதானேம்மா.
வேலிமுள்ளைத் தள்ளி வைக்கிறது.
கவை முள்ளுல மாட்டும், காம்பு வெளிய நிக்கும்.
உள்ளேருந்து எவனாச்சும்
காம்பைப் புடிச்சு இழுத்தான்னா
முள்ளு வீட்டுக்குள்ள வந்துரும்.
அதனால காம்பை
யாரு கைக்கும் தோதில்லாம செதுக்கிட்டாங்கங்கிறீக."

மதுரைப் பயிற்சியில் ஒரு முழு மத்தியானம்
அம்பு அம்பாகப் படம் போட்டுச் சொன்னது அது.
வீடியோவில் பத்தொன்பது நொடி.
பெயர் கிடையாது. எண் 0417.

"போட்டது மருந்தா, தண்ணியா?"
"எனக்குத் தெரியாது."
"டாக்டருக்கு?"
"தெரியாது."
"மருந்துக்காச்சும் தெரியுமா?"

பத்தொன்பதாம் நாள், ராத்திரி பதினொன்றே கால், போன்.
காய்ச்சல்.
கண்ணுக்குப் பின்னால் வலி என்றார்
நான் கேட்பதற்கு முன்பே,
படிவத்தை மனப்பாடம் பண்ணியவர் போல.
காரைக்குடியில் சேர்த்தோம்.
தட்டணு அறுபத்திரண்டாயிரம்.
மறுநாள் நாற்பத்தோராயிரம்.

அறிக்கை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் போக வேண்டும்.
ஒரு கட்டம் கேட்கிறது:
ஆய்வு மருந்தோடு தொடர்பு உண்டா?
உண்டு. இல்லை. சொல்ல இயலாது.
மூன்றுக்கும் ஒரே அளவு இடம்.

ரகசியத்தை உடைக்க ஒரு தொலைபேசி எண் இருக்கிறது.
என் பையில், லேமினேட் செய்து.
டாக்டர் அருளானந்து கேட்டார்,
"தெரிஞ்சா வைத்தியம் மாறுமா?"
மாறாது. அதே சலைன்,
ஆறு மணிக்கொரு ரத்தம், அதே முழிப்பு.
மாறக்கூடியது என் தூக்கம்.
அதற்காக உடைக்கக் கூடாது.
உடைக்கவில்லை.

ஆனால் வார்டு வாசலில் நின்றபடி
யாரோ செதுக்கிய அந்தக் காம்பையே நினைத்தேன்.
எலியில் பார்த்தாயிற்று, குரங்கில் பார்த்தாயிற்று,
தைரியமான நாற்பது பேரிடம் பார்த்தாயிற்று.
நாற்பது,
ஒருவர் கட்டிலில் கிடக்கும்போது
எவ்வளவு சின்ன எண்.

ஆறாம் நாள் தட்டணு ஏறியது.
ஏழாம் நாள் இட்லி கேட்டார்,
சட்னி உறைக்கவில்லை என்று கோபித்தார்.
அதையும் எழுதி வைத்தேன், எந்தக் கட்டத்திலும் சேராமல்.

பதினான்கு மாதம் கழித்துப் பெங்களூரிலிருந்து பட்டியல் வந்தது.
0417: உப்பு நீர்.

நேரில் போய்ச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.
"அப்ப என் காய்ச்சல் கணக்குல வராதா?"

வரும். அதுதான் வரும்.
தண்ணீர் போட்டவர்களில் உங்களோடு இருபத்தொன்பது பேர்,
மருந்து போட்டவர்களில் ஆறு.
இருபத்தொன்பது இல்லாவிட்டால்
ஆறு என்பது வெறும் ஆறு.

வெற்றிலைக் காம்பைக் கிள்ளி எறிந்தார்.
"அந்த ஆறு பேருக்கு ஏன் வந்துச்சு?"

ஒன்றரை வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்காத
நல்ல கேள்வி.
"அதைத்தான் இப்ப பாக்குறோம்" என்றேன்.
"பாருங்க" என்றார், மேலதிகாரி மாதிரி.

கிளம்பும்போது இரண்டாம் கட்டின் கதவிடுக்கில் கண் வைத்தேன்.
முற்றத்தில் போன வார மழை,
பச்சையாக, ஆடாமல்.
மேற்பரப்பில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு
ஆயிரம் சின்னக் காற்புள்ளிகள்.
கதவில் சுகாதார ஆய்வாளர் ஒட்டிய நோட்டீஸ்,
மூன்றாவது.

"சாவி?"

"ஈப்போவுக்குப் பேசியாச்சும்மா.
வருதாம்."