டிராக்டர் நீலம்

பாஞ்ச் ஆற்றுக்கு அப்பால் ஆப்கன் மணலில்
இரண்டு குளிர்காலம் கூடாரத்தில் கிடந்துவிட்டு
லாரியில் திரும்பி வந்தபோது
வீடு இருந்தது,
வெறும் சுவரை வீடு என்று சொல்லலாம் என்றால்.
கூரைத் தகரம் இல்லை. உத்தரம் இல்லை.
சன்னல் இருந்த இடங்களில் சன்னலளவு வானம்.
தந்தூர் அடுப்புக்குள்
யாருடைய கோழியோ உதிர்த்த இறகு.

கதவை மட்டும் அன்று மாலையே கண்டுபிடித்துவிட்டேன்.
வாய்க்காலுக்கு எதிர்க்கரையில்
ஹஸன்முரோத் வீட்டு வாசலில் நின்றது,
அதே கீல்களோடு.
கூட்டுப்பண்ணை டிராக்டருக்கு அடித்து மிஞ்சிய நீலம்.
வக்‌ஷ் பள்ளத்தாக்கில் அந்த நீலத்தில்
வேறு கதவு கிடையாது.
ஒரு பாட்டில் வோட்கா கொடுத்து
குர்போனலி வாங்கி வந்த பெயின்ட்.
அவர் இன்னும் ஆற்றின் நடுவில் இருக்கிறார்.
டயர் ட்யூபில் கட்டிய தெப்பம்.
பதினொரு பேர், பிறகு எட்டுப் பேர்.

நான் கேட்கவில்லை.
அவர்கள் சொல்லவில்லை.
நிவாரணத்தில் கிடைத்த பிளாஸ்டிக் தாள்
என் வாசலில் இரவெல்லாம் படபடத்தது.
பருத்தி எடுக்க ஒரே வரிசையில் குனிந்தோம்.
அவன் மனைவி ஒய்னிஸோ உப்புக்கு வந்தாள்,
கொடுத்தேன்.
நான் அங்கே எதற்கும் போனதில்லை.
எந்தக் கதவைத் தட்டுவது?

ஒன்பதாம் வருடம், பனி உருகுகிற வாரத்தில்
ஹஸன்முரோத் செத்துப்போனான்.
எல்லாரும் போனார்கள், நானும் போனேன்.
உள்ளறையில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன்.
பாடையைத் தூக்கும் நேரம் பார்த்து
காற்று கதவை அறைந்து சாத்தியது.
ஈரத்தில் ஊதிய மரம்.
உள்ளிருந்து இரண்டு பேர் இழுத்தார்கள்,
வெளியே நான்கு பேர் உதைத்தார்கள்.
கோடரி எங்கே என்றான் ஒருவன்.

எழுந்துவிட்டேன்.
யோசித்திருந்தால் எழுந்திருக்க மாட்டேன்.
குறுக்குச் சட்டத்துக்கு அடியில் இடது தோளைக் கொடுத்து
ஒரு விரற்கடை தூக்கி,
அப்புறம் மெல்ல இழுத்தேன்.
இருபது வருடம் பழகிய தோள்.

யாரும் பேசவில்லை.
பாடை வெளியே போயிற்று.

ஏழாம் நாள் ஒய்னிஸோ வந்தாள்.
உள்ளே வராமல்
என் வாசலின் உயரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.
"எங்கள் நிலை குட்டை" என்றாள்.
"அடியில் நான்கு விரல் அறுத்துவிட்டார்.
உன் நிலைக்கு இனிப் பொருந்தாது."

அறுத்த மரம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.
ஒன்பது வருடத்தில் நான் கேட்டது அதுதான்.

"அந்தக் குளிரிலேயே எரித்துவிட்டோம்.
குழந்தைக்குக் காய்ச்சல்."

"யாருக்கு, மூத்தவனுக்கா?"

"இல்லை.
நீ திரும்புவதற்குள் அவள் போய்விட்டாள்."