முப்பத்தொன்றாம் நிமிடம்

முட்டம் துறைமுகத்து ஐஸ் ஆலையில்
விடியற்காலை மூன்றேகாலுக்குப் பெட்டியைத் திறக்கிறேன்.
மூன்று சில்லுகள் மிச்சம்.
ஒவ்வொன்றும் வெள்ளரி விதை அகலம்.

காலியமும் ஆர்சனிக்கும் சேர்ந்த அடுக்குகள்,
மயிரிழையை ஏழாயிரமாக வகுந்தால் ஒரு அடுக்கு
என்று பனியடிமையிடம் சொல்லித் தொலைத்தேன்.
(ஐஸ் ஆலைக்காரருக்கு அப்படியொரு பெயர். ஞானஸ்நானத்தில் வைத்தது.)
"ஆர்சனிக்குண்ணா பாஷாணம்லா?
வெசத்த வச்சா வெள்ளம் பாக்குதிய?"
ஆமா என்றேன்.

உருகிய ஐஸ் நீரைச் சில்லின் மேல் விட்டு
பச்சை ஒளியைப் பாய்ச்ச வேண்டும்.
ஒளி படப்பட
நீரில் சில்லு அரிபடும்.
ஓர் அடுக்கு தீர்ந்து
அடுத்ததன் விளிம்பைத் தொடும்போது
சிவப்புக்கும் அப்பாலுள்ள ஒரு வெளிச்சம் கூடும்.
அதை நான் கண்டதில்லை.
போனில் ஒரு கோடு ஏறி இறங்கும், அவ்வளவுதான்.

சுத்த நீரென்றால் பத்தொன்பதாம் நிமிடம் ஏறும்.
மேலே தடவிய புரதத்தில்
கிருமி வந்து சிக்கிக்கொண்டால்
அரிப்பு மெதுவாகும்,
ஏற்றம் பிந்தும்.
பிந்துவதுதான் சேதி.

"நாகர்கோவிலுக்கு அனுப்பினா ரெண்டு நாளு,
இது தேவலாம்" என்று
சிராங்கு கிளீட்டஸ் பீடி பற்றவைத்தார்.
படகில் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

பத்தொன்பது போயிற்று.
இருபத்தைந்து.
ஏலக்காரன் வராத மீன்சந்தை போலக்
கோடு சும்மா கிடந்தது.
முப்பத்தொன்றில் எழுந்தது.

சில்லு பழசோ என்று சந்தேகம்.
இரண்டாவதில் பெட்டியிலிருந்த சுத்த நீரை விட்டேன்:
பத்தொன்பது, ஒரு நொடி பிசகாமல்.
மூன்றாவதில் வேறொரு கட்டியின் ஐஸ்:
முப்பது.

அதற்குள் மற்றப் படகுகளின் விளக்குகள்
கடலில் புள்ளியாகிவிட்டன.

"இன்னும் ஒண்ணு பாத்திரலாம் மக்கா."
"பாஷாணம் தீந்துபோச்சு."

பனியடிமை சிரிக்கவில்லை.
பின்பக்கத்துக் கிணற்றை ஒருதரம் திரும்பிப் பார்த்தார்,
மீன் கழுவும் ஓடைக்கு நாலடி தள்ளி இருக்கும் கிணறு.
நான் எதுவும் கேட்கவில்லை.
பிறகு கொக்கியை எடுத்து
முதல் கட்டியை இழுத்தார்.
நூற்று நாற்பது கட்டிகள்.
சரிவில் வழுக்கி
ஒன்றன்மேல் ஒன்றாக மோதி
குழல்விளக்கில் நீலமாக உடைந்தன.

கிளீட்டஸ் குளச்சலுக்குப் போன் போட்டார்,
"ஐஸ் உண்டாலே?" என்று மூன்று பேரிடம் கேட்டார்.
நடுவில் என் பக்கம் திரும்பி,
"அந்த வெளிச்சம் என்ன நெறமாக்கும்?"

தெரியாது என்றேன்.
தட்டில் கிடந்த சில்லைச் சாய்த்துப் பார்த்தேன்.
ஒளி பட்ட இடத்தில் மட்டும்
எறும்பின் கண்ணளவு
பளபளப்பு போயிருந்தது.

எங்கிருந்தோ ஒரு செவலை நாய் வந்து
உடைந்த ஐஸை நக்கத் தொடங்கியது.
கையுறையைக் கழற்றாமலே ஓடி விரட்டினேன்.
போனது, வந்தது.
விரட்டினேன்.
கிளீட்டஸ் இன்னும் போனில் இருந்தார்.
நாய் மறுபடியும் வந்தது.