ஆணி கழன்ற மறுநாள்

முந்நூற்றுப் பன்னிரண்டு நாளாய்
யட்சியின் உச்சந்தலையில் இருந்த ஆணி
நேற்று ராத்திரி ஒன்பது இருபத்தைந்துக்குக்
கழன்று விழுந்ததாம்.
எங்கள் பக்கம் ஒன்பது இருபதுக்கே கறண்டு போயிற்று.
இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

கருங்கல் அண்டி ஆபீசில்
சாம்பலில் கை புரட்டி உட்காரும் முன்னே
றோஸ்லெட் தொடங்கிவிட்டாள்:
"அவளுக்குக் கிறுக்கா பிள்ளே?
ஆணி அடிச்ச மந்திரவாதி காய்ச்சல்ல கெடக்கான்.
கழுத்தக் கடிச்சுப் போட்டுட்டு
பாலமரத்துக்குப் போவாளா,
அவனுக்குக் கஞ்சி வெக்காளாம் கஞ்சி!"

"ஏன், யட்சின்னா மனசு இருக்கப்படாதா?"
எதிர்வரிசையிலிருந்து ஜெபசீலி.
"முந்நூறு நாளும் ரத்தம் குடிச்சா மட்டும் போதுமா?
ஞாயித்துக்கிழம கோயிலுக்கு எதுக்குப் போற நீ?"

"நான் கோயிலுக்குப் போறது
எனக்க பாவத்துக்கு. அவனுக்க பாவத்துக்கு இல்ல."

சூப்பர்வைசர் சோபிதராஜ் வந்து
நடிகைக்கு சினிமாவில் இடம் கிடைத்துவிட்டது,
அதுதான் கதையை இப்படி முறித்தார்கள் என்றார்.
அந்த ஒரு நிமிடம் மட்டும்
இரண்டு கட்சியும் ஒன்றாய்ச் சேர்ந்து
அவரை வெளியே அனுப்பியது.

நான் பத்து மணி வரை றோஸ்லெட் பக்கம்.
சாயா குடித்த பிறகு ஜெபசீலி பக்கம்.
ஆணி விழுந்த சத்தத்தைக்கூட
வாயால் செய்து காட்டினேன்.
பார்க்காதவளுக்கு எந்தப் பக்கமும் சௌகரியம்.

பதினொன்றரை இருக்கும்.
"எனக்கு எவனாவது அப்பிடிச் செய்திருந்தா
கஞ்சியில வெஷத்தக் கலக்கிக் கொடுப்பேன்.
திரும்பிப் போயி நிப்பேனா?"
என்று றோஸ்லெட் சொல்லி முடித்த பிறகுதான்
மூன்றாம் வரிசையில் லீலாபாய் இருப்பது
எல்லோருக்கும் ஒருமிக்க ஞாபகம் வந்தது.

ஓணத்துக்கு முந்தின வாரம்
பையும் பிள்ளையுமாய்த் தாய்வீட்டிலிருந்து
அவன் வீட்டுக்குத் திரும்பிப் போனவள்.
எதற்கு வந்தாள் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.
எதற்குப் போனாள் என்றும் கேட்கவில்லை.
கையில் இருந்த தழும்பை
அண்டியெண்ணெய் சுட்டது என்றாள்.
எங்கள் எல்லோர் கையிலும் அது உண்டு,
அதனால் நம்புவது எளிதாயிருந்தது.

தடி மட்டும் கேட்டது. டொக். டொக்.
ஓடு ஒன்று தெறித்து
என் கன்னத்தில் எண்ணெய் பட்டது.
துடைக்கக்கூட யோசனையாயிருந்தது.

லீலாபாய் தலை நிமிரவில்லை.
"ஆணி எடுத்தா ஒடனே பறந்திர முடியுமா?
இருந்த ஓட்டையில காத்து கேறும்லா.
அது ஒரு குத்து குத்தும்.
நிக்கதுக்கே செத்த நேரம் வேணும்."
சொல்லிவிட்டு
சாம்பலை இன்னொரு தடவை கையில் புரட்டினாள்.

மத்தியானம் றோஸ்லெட்
அவள் பாத்திரத்தில் ஒரு துண்டு சாளைக்கருவாடு வைத்தாள்.
கேட்கவுமில்லை, பார்க்கவுமில்லை.
மன்னிப்பு என்று நான் நினைத்தேன்.
சாயங்காலம் பஸ்ஸில்
கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுபடி
"என்ன சொன்னாலும், கஞ்சியாம் கஞ்சி"
என்று தொடங்கினாள்.
கண்டக்டர் பையனும் பார்த்திருக்கிறான்.
கஞ்சியில் அவள் ஏதோ கலந்ததைக்
கண்டதாகச் சத்தியம் செய்தான்.
திங்கள்சந்தை போகிற ஆட்கள் பாதிப்பேர்
அவனோடு சேர்ந்தார்கள்.

எனக்கு அன்றைக்கு
முழுப்பருப்பு குறைவு, நொறுக்கு அதிகம்.
சோபிதராஜ் தராசைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

ராத்திரி ஒன்பதுக்குக் கறண்டு இருந்தது.
முன்கதையில் அந்த இடம் இரண்டே நொடி வந்தது:
தரையில் ஆணி உருளுகிறது,
அடுப்பில் புகை.
அவள் முகத்தைக் காட்டவே இல்லை.
காட்டியிருக்கலாம்.
நான் தலைமுடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்,
வகிட்டுப் பக்கம் எங்காவது
காற்று அசைக்கிறதா என்று.