தடிமனான தாள்

வில்யாண்டி, ஜனவரி, மாலைக் காட்சி.
விளக்கு எரிந்ததும் சண்டை.

நீர்நாய் சாகவில்லை.
புத்தகத்தில் ஏரிப்பனி உடைந்து உள்ளே போகும்,
கடைசி வரியில் தொப்பி மட்டும் மிதக்கும்.
படத்திலோ வசந்தம் வந்தது, வயலின் வந்தது,
பின்னாலேயே அதுவும் சொட்டச் சொட்ட வந்து
தும்மியது.

குழந்தைகள் கைதட்டினார்கள்.
நூலகத்து விர்வே எழுந்துவிட்டாள்:
"நாற்பது வருடமாக அழுது வைத்திருக்கிறோமே,
அதற்கு என்ன மரியாதை?"
யாரோ சிரித்தார்கள். யாரோ "சரிதானே" என்றார்கள்.
முன்வரிசையில் ஒரு சிறுமிக்கு வேறு புகார்:
நீர்நாய்க்குத் தும்மல் வராதாம்.

பாப்கார்ன் பெருக்குகிறவள் நான்,
எந்தக் கட்சியும் இல்லை.

ஏழாம் வரிசையில் தாய்வோ, பேருந்து ஓட்டுகிறவர்,
கோட்டில் ஒரு கையை நுழைத்தபடி கேட்டார்:
"எது செத்தது?"

எல்லோரும் திரும்பினார்கள்.

"எங்கள் வீட்டுப் புத்தகத்தில்
அது பனிமேல் சறுக்கிப் போகும், அவ்வளவுதான்.
அதற்கப்புறம் அட்டை.
கடைசித் தாள் மட்டும் கொஞ்சம்
தடிமன்."

சொல்லும்போதே புரிந்திருக்க வேண்டும்.
மறு கை, கோட்டுக்குள் போகாமல்
அப்படியே நின்றது.
விர்வே உட்கார்ந்தாள்.

நான் வாசலைப் பூட்ட வந்தபோது
தெருவிளக்கடியில் நின்று
அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தார்:
"மெர்யே, கோந்தா, மாவுப் பசையா?"
பதிலைக் கேட்டு உரக்கச் சிரித்தார்.
வெகுநேரம் கழித்து, மெல்ல,
"அப்படியென்றால் நீ மட்டும் படித்திருக்கிறாய்.
ஒன்பது வயதில்."

சாவியைச் சத்தமில்லாமல் திருப்பினேன்.