இரண்டாவது சாவி

பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு.
நான் பேசியதெல்லாம் அங்கே தட்டச்சில் கிடக்கிறது,
என் குரல் இல்லாமல்.

ஹேமலோசினி மஞ்சள் தாள் ஒட்டி அனுப்பியிருக்கிறாள்.
லோகதாஸின் மேல்முறையீட்டு வக்கீல்.
போனில் சொன்னாள்: "சார், கோபப்படாதீங்க,
என் முதல் வாதமே உங்க மேலதான்."
பதில் சொல்ல எனக்கும் இடமுண்டு:
சத்தியம் செய்த காகிதத்தில்,
இரண்டு வாரத்திற்குள்.

பிஷப் ஸ்திரீட் மாடியறை. கீழே
கோப்பிக்கடையில் நாற்காலிகளைக் கவிழ்க்கிறார்கள்.
காற்றாடி ஒவ்வொரு சுற்றுக்கும்
ஒரு பக்கத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போடுகிறது.

லோகதாஸ், பட்டர்வொர்த் கிடங்கில் ஃபோர்க்லிப்ட் ஓட்டியவன்.
இரவல் வாங்கிய புரோட்டோன் வீரா.
உதிரி டயருக்கடியில் ஏழு பொட்டலம்.
சாவி அவன் சட்டைப்பையில்.
வழக்கு மொத்தமும் அந்தச் சாவியில்தான் தொங்கியது.

கார் என்றால் சாவி இரண்டு.
பள்ளிக்கூடப் பையனைக் கேட்டாலும் சொல்வான்.
இன்ஸ்பெக்டரிடம் நான் கேட்டவை:
மணி எத்தனை, தெருவிளக்கு எரிந்ததா,
எடைபோட்ட தராசுக்கு முத்திரை உண்டா?
மொத்தம் நாற்பத்தொரு கேள்விகள்,
தராசைப் பற்றி மட்டும் ஒன்பது.
பிறகு மலாயில் அந்த வரி:
தியாடா சோஆலான் லாகி.
வேறு கேள்வி இல்லை.

"எதிர்த்தரப்பு மறுக்காத சாட்சியம்;
ஏற்கிறேன்" என்று எழுதினார் நீதிபதி.
தப்பு அவர் மீதில்லை.
நான் வைத்துவிட்டுப் போன இடைவெளியில்
வேறென்ன எழுதுவார்?

புத்ராஜெயாவில் மூன்று பேர் இதைப் படிப்பார்கள்.
இன்ஸ்பெக்டர் உதட்டை நனைத்துக்கொண்டதை
எந்தப் பக்கத்திலும் காணமாட்டார்கள்.
பதிவேட்டுக்கு வியர்க்காது.
கீழே விதைக்காததை
மேலே போய் அறுக்க முடியாது.

ஏன் கேட்கவில்லை?

அன்று மணி நான்கு இருபது.
நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார், நானும் பார்த்தேன்.
மறுநாள் புக்கிட் மெர்தாஜாமில் இன்னொரு வழக்கு.

அல்லது, பதில் தெரியாத கேள்வியைக் கேட்காதே
என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி.
"விசாரித்தோம், ஒரே சாவிதான்" என்று அவர் சொல்லியிருந்தால்
கதவு இன்னும் இறுகச் சாத்தியிருக்கும்.

உத்தி என்று எழுதினால் என் பெயர் தப்பிக்கும்.
வக்கீலின் உத்தியில் மேல்நீதிமன்றம் லேசில் கைவைக்காது;
அதன் பாரம் லோகதாஸின் கழுத்தில்.
மறந்தேன் என்று எழுதினால்
அவனுக்கு ஒரு சன்னல் திறக்கலாம்,
லைட் ஸ்திரீட் கோர்ட்டு வராந்தாவில்
என்னைக் கண்டதும் பேச்சு நிற்கும்.

உத்தி என்றே எழுதினேன்.
இரண்டு பத்தி, நல்ல மொழியில்.

தேதி சரிபார்க்கப் பழைய கோப்பை எடுத்தேன்.
அட்டைக்கும் குற்றப்பத்திரிகைக்கும் நடுவே
பிஸ்கட் உறையின் உள்பக்கம், நான்காய் மடித்தது.
ஞாபகம் வந்தது. கூண்டிலிருந்து
காவலர் கைமாறி என் மேசைக்கு வந்தது,
குறுக்கு விசாரணையின் நடுவில்.
தலையசைத்துவிட்டு உள்ளே செருகினேன்.

மடிப்பு கலையவில்லை.
ஆறு வருடமாக
ஒருவரும் பிரிக்கவில்லை.

பென்சில் எழுத்து, பாதி அழிந்தது:
"சார் இன்னொரு சாவி காத்தையா கிட்ட இருக்கு
அத கேளுங்க சார்"

அந்த இரண்டு பத்தியையும் கிழித்தேன்.
உத்தியும் இல்லை, மறதியும் இல்லை.
மூன்றாவதற்குச் சட்டத்தில் பெயர் தேடினேன்,
கிடைக்காமல் நடந்ததை நடந்தபடி எழுதினேன்.
துண்டைக் காட்டச் சம்மதமா என்று
சிறையில் கேட்டுவந்தாள் ஹேமலோசினி.
"அப்பவே காட்டச் சொன்னதுதானே" என்றானாம்.

பிரமாண ஆணையர் பத்து வெள்ளியை வாங்கிக்கொண்டு
நிமிராமலே கேட்டார்:
"இதெல்லாம் உண்மைதானே?"
உண்மைதான்.
"இணைப்பு ஏதும்?"
ஒன்று.

அவர் அந்தப் பிஸ்கட் உறையை
மேசை விளிம்பில் நாலு முறை நீவி நேராக்கினார்,
முத்திரை அதில் சரியாகப் பதியவில்லை,
மறுபடி குத்தினார்.