முப்பத்தைந்து கஜம்

கொட்டகைக்குப் பின்னால் மண்மேட்டை ஒட்டி
இரண்டு கம்பங்களுக்கு நடுவே
சுவர்த்தாளைப் பின்பக்கம் தெரியக் கட்டினேன்.
முன்பக்கம் ரோஜாக்கள். எலுனெட்டின்
விவாகரத்துக்கு முந்தைய படுக்கையறை.
"சுடு, எனக்கொன்றுமில்லை" என்றாள்,
புதுத் தோள்மூட்டைக் கட்டில் தொங்கவிட்டபடி.
அந்தத் தோள் சரியாயிருந்தால்
நான் எதற்கு இங்கே?

பகலில் த்ரெகாரன் கடைத்தெருவில்
மாத்திரை எண்ணுகிறவள் நான்.
ஐந்தைந்தாகத் தள்ளி, இருபத்தெட்டு, மூடி, லேபிள்.
எடைக்கு இத்தனை மில்லிகிராம்.
நரிக்கு எடை ஆறு கிலோ.
எத்தனை ஈயம் என்பதற்கு
என் புத்தகங்களில் அட்டவணை இல்லை.

துப்பாக்கிக் கடை மெரெரித்
குழல்முனையில் திருகும் சோக்குகளை
எண்ணெய்த் துணிமேல் வரிசையாக வைத்தாள்.
கால், அரை, முக்கால், முழு.
சிரித்துவிட்டேன். என்ன என்றாள்.
இதே வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொல்லி
பெஞ்சுமேல் நின்றவள் என்று
வேல்ஸ்காரிக்கு எப்படிச் சொல்ல.

ரவை என்றால் எங்கள் மொழியில் உப்புமாவும் உண்டு.
இங்கே மூன்று ரகம்:
ஏஏஏ, மிளகு. பிபி, கொத்தமல்லி விதை.
ஒன்றாம் நம்பர், ஜவ்வரிசி.
மிளகு ஒரு தோட்டாவில் நாற்பத்துநாலே.
ஜவ்வரிசி நூறுக்கு மேல்,
ஆனால் நெஞ்செலும்பைத் தாண்டுமா தெரியாது.
"முழு சோக், பெரிய ரவை" என்றாள் மெரெரித்.
"யாரும் குறை சொன்னதில்லை."
நரி சொல்லாதுதான்.

முதல் வெடி: முழு, மிளகு.
முப்பதங்குல வட்டம் போட்டு
ஓட்டைகளைப் பென்சிலால் தொட்டு எண்ணினேன்.
முப்பத்தைந்து. நல்ல மார்க்.
பிறகு மருந்துப்பெட்டி அட்டையை
நரியின் மார்பளவு வெட்டி
வட்டத்துக்குள் இங்குமங்கும் நகர்த்தினேன்.
நடுவில் பத்து விழுந்தது. ஓரத்தில்
ஒற்றை ரவையோடு நரி
வேலி தாண்டிப் போய்
மூன்று நாள் சாகிறது.

அந்த மூன்று நாள்தான் என் பிரச்சினை.

அரை சோக், கொத்தமல்லி, முப்பத்தாறு கிராம்.
அறுபத்திரண்டு.
அட்டையை எங்கே வைத்தாலும் ஐந்துக்குக் குறையவில்லை.
பத்து கஜம் பின்னே போய் மறுபடி சுட்டேன்:
கிழிந்த சல்லடை.
எனவே முப்பத்தைந்தில் ஒரு குச்சி நட்டு
காலி மருந்துக் குப்பியைக் கவிழ்த்தேன்.
அதற்கு அப்பால் நிற்கும் நரி
எங்கள் நரியல்ல.
மறுநாள் தோள் கன்றிப்போய்
வலித்தைலத்தை எனக்கே விற்றுக்கொண்டேன்,
ஊழியர் தள்ளுபடியில்.

மார்ச், தூறல். குட்டிபோடும் கொட்டகையில் ஒரே பல்பு.
எலுனெட் நல்ல கையால் சிவப்பு விளக்கைச் சுழற்றினாள்.
இரண்டு கண்கள். நாயா?
நாய் வண்டிக்குள் என் காலடியில் இருந்தது.
புல்லில் கிடந்த நஞ்சுக்கொடியை மோந்துவிட்டு
குப்பிக்கு இரண்டு பாய்ச்சல் பின்னால் உட்கார்ந்தது.
"சுடு" என்றாள். சுடவில்லை.
"பதினோரு குட்டி" என்றாள்,
"நாக்கை மட்டும் தின்றுவிட்டு."
தெரியும். அளவும் தெரியும்.

அது எழுந்தது. கொட்டாவி விட்டது.
என் குப்பி அதற்குப் புதுசு.
வந்தது, மோந்தது, பின்பக்கம் திரும்பாமல்
பக்கவாட்டில் நின்று
காலைத் தூக்கியது.

தூக்கின கால் தரையைத் தொடவில்லை.

டார்ச்சை வாயில் கவ்வி மயிரை விலக்கினேன்.
ஆறு. குப்பியில் இரண்டு.
மீதி எண்பத்தொன்று இருட்டுக்குள்.
வால் நான் நினைத்ததைவிடக் கனமில்லை.
எலுனெட் எதுவும் சொல்லாமல்
முனகும் ஆட்டுக்கு அடியில் கைவிடப் போய்விட்டாள்,
ஒற்றைக் கையை.

விடிகாலை ஒரு குட்டி குளிரில் செத்திருந்தது,
நாக்கோடு, வாலோடு, முழுசாக.
அதற்கு நான் அட்டை எதுவும் வெட்டவில்லை.
ஒன்பதுக்குக் கடை திறக்கவேண்டும்.